இங்கே நடந்த தேர்தல் குற்றத்தை இங்கேயே விசாரியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த ஒரு வாசகர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். தேர்தல் நேரத்தில் நடக்கும் அநியாயங்களுக்கு வழக்குப் போடுவதென்றால் கொழும்புக்குத்தான் போகவேண்டும், ஏழை எளியதுகளுக்கு அது ஏலாத காரியம், ஆகவே முறைப்பாடு செய்து ஒரு பிரயோசனமும் இல்லை என்று அவர் எழுதியிருந்தார். அவருடைய கோபம் எனக்கு நன்றாக விளங்குகிறது. ஆனால் அவர் சொன்னதில் பாதி பிழை. அந்தப் பிழை அவரிடம் மட்டும் இல்லை, எங்கள் யாழ்ப்பாணத்தில் பாதிப்பேரிடம் இருக்கிறது, பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டுப் புத்தகத்துக்கு முன்னால் இருக்கிறவர்கள் சிலரிடமும் இருக்கிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இடமிருந்தால் வெட்டாமல் போடுங்கள்.

நான் 30 வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவன். தேர்தல் அறிவித்தால் கச்சேரியிலிருந்து, அதாவது மாவட்டச் செயலகத்திலிருந்து, கடிதம் வரும், முதலில் எழுதுவினைஞராகப் போனேன், பிறகு ஒரு சாவடிக்குப் பொறுப்பான சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலராகப் பல தேர்தல்கள் செய்தேன். பெட்டியைப் பாரமெடுத்து, பள்ளிக்கூட வாங்கில் படுத்து, விடிய நாலு மணிக்கு எழும்பி கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு சாவடியைத் திறந்த ஆட்களில் நானும் ஒருவன்.

ஒருமுறை தீவகத்தில், யாழ்ப்பாணத்தை ஒட்டிய தீவுப் பகுதியில், ஒரு வாக்களிப்பு நிலையம். காலை பத்து மணி இருக்கும். ஒரு ஆச்சி வந்தார், வாக்காளர் அட்டையைச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்திருந்தார். எழுதுவினைஞர் இலக்கத்தை வாசித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வாக்காளர் இடாப்பில் அந்தப் பெயருக்கு மேல் ஏற்கெனவே கோடு விழுந்திருந்தது. “தம்பி, நான் இப்பதானே வாறன்” என்று ஆச்சி இடக்கைச் சின்னவிரலை நீட்டிக் காட்டினார். மை இல்லை. மஞ்சள் அரைத்த கறை மட்டும் நகத்தோரம் இருந்தது. சட்டப்படி அப்படியான ஆளுக்கு வேறு நிறத்தில் ஒரு வாக்குச்சீட்டுக் கொடுக்கவேண்டும், அவர் புள்ளடி போட்டுத் தந்ததைப் பெட்டிக்குள் போடாமல் பெயரும் இலக்கமும் எழுதித் தனி உறையில் வைக்கவேண்டும். நான் அதைச் செய்தேன். ஆச்சி பெட்டியையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “உதைப் பெட்டிக்குள்ள போடமாட்டியளோ? அப்ப என்ரை வோட்டை எண்ணமாட்டினமோ?” என்று கேட்டார். அன்று மத்தியானம் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

அந்த ஆச்சியின் மகன் விடுகிற ஆளில்லை. தேர்தல் முடிந்த கையோடு பொலிசுக்குப் போனார். ஆர் வந்து போட்டது என்று சாவடியில் இருந்த ஒரு கட்சி முகவருக்குத் தெரியும், அவர் சாட்சி சொல்லவும் தயார். அங்கே கிடைத்த பதில்: “இது எலெக்சன் விசயம், கொழும்புக்கு எழுதுங்கோ.” அவர் கொழும்புக்கு எழுதினார். பதிவுத் தபாலில் அனுப்பிய பற்றுச்சீட்டை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். ஆறேழு மாதம் கழித்து, இந்த விடயம் சம்பந்தமாக உங்கள் பகுதிப் பொலிசை நாடவும் என்று ஒரு வரிக் கடிதம் வந்தது. இவர் திரும்பப் பொலிசுக்குப் போனார், அவர்கள் திரும்பக் கொழும்பைக் காட்டினார்கள். அவ்வளவுதான், சங்கதி முடிந்தது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை இதைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறது: எந்தக் குற்றமும் சாதாரணமாக அது எந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் நடந்ததோ அந்த நீதிமன்றத்தில்தான் விசாரிக்கப்படவேண்டும். களவுக்கும் அடிபிடிக்கும் ஒரு விதி, வாக்குக் களவுக்கு இன்னொரு விதி என்று இல்லை. 1981 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டம் ஆள்மாறாட்டம், இலஞ்சம், விருந்து கொடுத்து வாக்குக் கேட்பது, பயமுறுத்துவது எல்லாவற்றையும் ஊழற் செயல் என்று வகுத்து வைத்திருக்கிறது. அவற்றுக்குக் கீழ்ப்பட்ட சட்டவிரோதச் செயல்கள் என்று இன்னொரு வரிசையும் உண்டு. எது நீதவானிடம், எது மேல் நீதிமன்றத்தில் என்பதற்குச் சட்டத்தில் பிரிப்பு இருக்கிறது, ஆனால் இரண்டு நீதிமன்றமும் யாழ்ப்பாணத்திலேயே இருக்கின்றன. தீவகத்தில் நடந்த ஆள்மாறாட்டத்துக்கு இங்கேயே நீதிமன்றம் இருக்கும்போது அந்த மகனை எதற்காக ஐயா கொழும்புக்கு எழுதச் சொன்னார்கள்? அதுவும் ஆள்மாறாட்டம் பொலிசார் பிடியாணை இல்லாமலே பிடிக்கக்கூடிய குற்றம். சாவடியில் நின்ற பொலிஸ்காரர் அந்த இடத்திலேயே கைவைத்திருக்கலாம்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். தேர்தல் மனு வேறு, குற்ற வழக்கு வேறு. தேர்தல் மனு என்பது தெரிவு செல்லுமா செல்லாதா என்று கேட்கிற வழக்கு. பாராளுமன்றத் தேர்தலென்றால் முடிவு வர்த்தமானியில் வந்து 21 நாட்களுக்குள் போடவேண்டும், விசாரிப்பது மேன்முறையீட்டு நீதிமன்றம், அது கொழும்பில். ஜனாதிபதித் தேர்தல் மனு உயர் நீதிமன்றத்துக்குப் போகும், அதுவும் கொழும்பில். ஆனால் கள்ள வோட்டுப் போட்டவனைக் கூண்டில் ஏற்றுவதற்கும் அந்த 21 நாளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆசனம் யாருக்கு என்ற கேள்வி முடிந்த பிறகும் குற்றம் குற்றமாகவே இருக்கும். ஊழற் செயலுக்குக் குற்றவாளியாகக் கண்டால் 7 வருடத்துக்கும், சட்டவிரோதச் செயலுக்கு 3 வருடத்துக்கும் வாக்காளராகப் பதியும் தகுதியே போய்விடும். ஊரில் தலைநிமிர்ந்து திரிகிற ஒரு அரசியல்வாதிக்குத் தண்டப் பணத்தைவிட இது பெரிய அடி. இந்த இரண்டு வழக்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் சனத்தைக் கொழும்பு என்ற பெயரைச் சொல்லி வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

குற்றம் ஒரே இடத்தில் முழுதாக நடக்காத சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. அங்கேதான் உண்மையான சிக்கல். 2013 செப்டெம்பர் 21 ஆம் திகதியை எங்களில் ஒருவரும் மறக்கவில்லை. வடமாகாணசபைத் தேர்தல் நாள். விடிய உதயன் பத்திரிகையின் பெயரில், அதே எழுத்தில், அதே வடிவத்தில் ஒரு போலிப் பதிப்பு வீதிகளில் கிடந்தது, ஒரு பெண் வேட்பாளர் அரசாங்கப் பக்கம் போய்விட்டார் என்று அதில் போட்டிருந்தார்கள். எனக்கும் ஒன்று கிடைத்தது, படலைக்குள் எறிந்துவிட்டுப் போயிருந்தார்கள், மடிப்புக் குலையாமல், மை மணத்தோடு. அது எங்கே அச்சடித்தது? யாழ்ப்பாணத்திலா, வவுனியாவிலா, தெற்கிலா? எங்கே அச்சடித்தாலும் சட்டத்தில் வழி இருக்கிறது. ஒரு செயல் ஓரிடத்தில் நடந்து அதன் விளைவு இன்னோரிடத்தில் விழுந்தால் இரண்டில் எந்த நீதிமன்றமும் விசாரிக்கலாம். எந்த எல்லைக்குள் நடந்தது என்று நிச்சயமில்லாவிட்டால் சம்பந்தப்பட்ட எந்த எல்லை நீதிமன்றமும் விசாரிக்கலாம். அச்சகம் எங்கே இருந்தாலென்ன, பொய் வந்து விழுந்தது என் படலைக்குள், ஆகவே யாழ்ப்பாண நீதிமன்றத்துக்கு அதை விசாரிக்க முழு உரித்தும் உண்டு. அச்சகத்தின் பெயரும் வெளியிட்டவரின் பெயரும் இல்லாத துண்டுப்பிரசுரம் தேர்தல் காலத்தில் அதுவாகவே ஒரு குற்றம். அந்தக் காகிதமே சாட்சி.

இப்போது வட்ஸ்அப், பேஸ்புக் காலம். பொய்ச் செய்தியைப் பாரிசிலோ ரொறொன்ரோவிலோ இருந்து ஏற்றுகிறார்கள், சாவகச்சேரிச் சந்தையில் அதைக் கண்டு சனம் மாறுகிறது. வெளிநாட்டில் இருக்கிறவரை இங்கே கொண்டுவந்து நிறுத்துவது கடினம், அது உண்மை. ஆனால் இங்கே இருந்துகொண்டு அதைப் பரப்பியவர் கொடிகாமத்தில் இருந்தால் சாவகச்சேரி நீதிமன்றம் போதும்.

இன்னொரு விதமான குற்றம் இருக்கிறது, செய்யவேண்டியதைச் செய்யாமல் விடுவது. 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவினங்களை ஒழுங்குபடுத்தும் சட்டப்படி வேட்பாளர் எல்லோரும், வென்றவரும் தோற்றவரும், முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் செலவுக் கணக்குக் காட்டவேண்டும். பாராளுமன்றத் தேர்தலில் மாவட்ட வேட்பாளர் அதைத் தெரிவத்தாட்சி அலுவலரிடம் கொடுக்கவேண்டும், இங்கே அவர் எங்கள் அரசாங்க அதிபர்தான். கொடுக்காமல் விட்ட வேட்பாளர் கொழும்பில் வீடு வாங்கி இருந்தாலும் கடமை தவறிய இடம் யாழ்ப்பாணக் கச்சேரி. கிளிநொச்சி மாவட்டமும் யாழ். தேர்தல் மாவட்டத்துக்குள் வருவதால் அங்கத்தைய வேட்பாளருக்கும் இதே கணக்கு. ஆனால் கிளிநொச்சிச் சாவடியில் ஒருவர் அடிபட்டால் அது கிளிநொச்சி நீதவானிடம் போகவேண்டும், அந்தப் பெட்டியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்து எண்ணும் இடத்தில் தில்லுமுல்லு நடந்தால் அது யாழ்ப்பாண நீதவானிடம். பொலிஸ்காரருக்கு அரைநாள் வகுப்பு வைத்தால் விளங்கிவிடும்.

அந்த வாசகர் சொன்னதில் மற்றப் பாதி சரியென்றும் நான் ஒப்புக்கொள்ளவேண்டும். ஆள்மாறாட்டம் தவிர்ந்த ஊழற் செயல்களுக்கு வழக்குத் தொடர அரசாங்கத்தின் தலைமைச் சட்ட அலுவலரான சட்டமா அதிபரின் அனுமதி வேண்டும், அவர் இருப்பது கொழும்பில். பொய் வழக்குப் போட்டு ஒருவரையொருவர் இழுத்தடிக்காமல் இருக்க வைத்த பூட்டு அது, அதன் தேவை எனக்கு விளங்குகிறது. ஆனால் வழக்குக் கோவை அவருடைய மேசையில் வருடக்கணக்கில் கிடந்தால் சாட்சி சொல்ல வந்தவர் கனடா போய்விடுவார், ஆச்சி செத்துப்போவார், அடுத்த தேர்தல் வந்துவிடும். இத்தனை மாதத்துக்குள் ஆம் அல்லது இல்லை என்று பதில் தரவேண்டும் என்று ஒரு கால எல்லை வைப்பதில் என்ன கஷ்டம்?

தேர்தல் மனுவையும்கூட எப்போதும் கொழும்பில்தான் விசாரிக்கவேண்டும் என்று இல்லை. அரசியலமைப்பின் 146 ஆம் உறுப்புரையைப் பாருங்கள். மேன்முறையீட்டு நீதிமன்றம் சாதாரணமாகக் கொழும்பில் இருக்கும், ஆனால் பிரதம நீதியரசர் பொருத்தமென்று கண்டால் வேறு நீதி வலயத்திலோ மாவட்டத்திலோ அமரும்படி பணிக்கலாம். இந்த எண்ணம் புதிதும் இல்லை. இங்கிலாந்தில் 1868 வரை தேர்தல் தகராறுகளைப் பாராளுமன்ற உறுப்பினர்களே லண்டனில் கொமிற்றி போட்டு விசாரித்தார்கள், அதில் கட்சி விளையாடியது. அந்த வருடத்துச் சட்டம் விசாரணையை நீதிபதியிடம் கொடுத்தது, கொடுத்ததோடு விடாமல் தேர்தல் நடந்த இடத்துக்கே போய் இருந்து விசாரிக்கவும் சொன்னது. எங்களுடைய தேர்தல் சட்டத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. 400 கிலோமீற்றர் இரவு பஸ்ஸில் போய், தெரியாத லொட்ஜில் முகம் கழுவி, தவணை போட்டுவிட்டார்கள் என்று கேட்டுத் திரும்பிவருகிற சாட்சிக்காரர் மூன்றாம் தரம் போகமாட்டார். ஒரு நீதிபதி இரண்டு கிழமை இங்கே வந்து தங்கினால் நாற்பது சாட்சி வரும்.

அதோடு மொழி. வடக்கு கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ். மல்லாகம் நீதிமன்றத்தில் ஒரு அம்மா தன் வாயால் சொன்னது அப்படியே பதிவாகும். கொழும்பில் அவர் சொன்னதை ஒருவர் மொழிபெயர்ப்பார், “அவன் கையை ஓங்கினவன்” என்பதற்கும் “அடித்தான்” என்பதற்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தில்தான் ஒரு குறுக்கு விசாரணையே நிற்கும்.

இடம் மாற்றிய வழக்குகள் எங்களுக்கு என்ன தந்தன என்பதையும் சொல்லவேண்டும், இது தேர்தல் விடயம் இல்லாவிட்டாலும். மூதூர்ப் பக்கத்துக் குமாரபுரத்தில் 1996 இல் நடந்த படுகொலை வழக்கு கடைசியில் அனுராதபுரத்தில் விசாரிக்கப்பட்டு 2016 இல் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். நியாயமாகச் சொன்னால் மிருசுவில் படுகொலை வழக்கு கொழும்பில் நடந்து 2015 இல் ஒருவர் குற்றவாளி என்று தீர்ப்பும் வந்தது, 15 வருடம் எடுத்தாலும். ஆகவே இடம் மாற்றம் என்றாலே அநீதி என்று நான் சொல்ல வரவில்லை. சாட்சிக்கு உயிராபத்து என்றால், ஊரே ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது என்றால் மாற்றட்டும், அதற்கும் சட்டத்தில் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் ஒரு நீதிமன்றக் கட்டளை காரணம் காட்டி அதைச் செய்யவேண்டும். முறைப்பாடு எழுதப் பஞ்சிப்படுகிற ஒருவர் வாய்ச்சொல்லால் செய்யக்கூடாது.

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் நடந்த ஒன்றை வாசித்தபோது இந்த இடம் என்ற விடயத்தின் பாரம் எனக்கு இன்னும் விளங்கியது. 2022 ஓகஸ்ட்டில் ஆளுநர் ரொன் டிசான்ரிஸ், தகுதியில்லாமல் வாக்களித்ததாக 20 பேர் மீது நடவடிக்கை என்று பெரிதாக அறிவித்தார். அவர்கள் பழைய குற்றவாளிகள், பலருக்கு அரசாங்கமே வாக்காளர் அட்டை கொடுத்திருந்தது. வழக்குப் போட்டது மாநிலம் முழுவதற்குமான வழக்குத் தொடுநர் அலுவலகம். அந்த அலுவலகத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நீதி வட்டங்களில் நடந்த குற்றத்தில்தான் கைவைக்க முடியும், இந்த ஆள் வாக்குப் போட்டது தன்னுடைய ஒரே வட்டத்தில், ஆகவே உங்களுக்கு அதிகாரமில்லை என்று நீதிபதிகள் சில வழக்குகளைத் தள்ளினார்கள். 2023 பெப்ரவரியில் சட்டத்தையே மாற்றி அந்த அலுவலகத்துக்கு அதிகாரம் கொடுத்தார்கள். மாற்றியது சரியா என்பது அவர்களின் பிரச்சினை, எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் “எங்கே நடந்தது” என்ற கேள்வியை முதலில் கேட்டார்களே, அதைக் கேட்க ஒரு நீதிபதி இருந்தாரே.

எங்களிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்காமலே போன ஒரு தேர்தல் இருக்கிறது. 1981 ஜூன் 4, மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். நாலு நாளுக்கு முதல்தான் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது, எரிந்த காகித மணம் ஊருக்குள் அப்படியே நின்றது. தேர்தல் அலுவலர்கள் என்று தெற்கிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள், வாக்குப் பெட்டிகள் காணாமல் போயின. அவ்வளவுக்குப் பிறகும் தமிழர் விடுதலைக் கூட்டணி பத்துக்குப் பத்து ஆசனமும் எடுத்தது. பெட்டி காணாமல் போனதற்கு ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. ஒரு வாக்குப் பெட்டி களவு போவதைவிடப் பெரிய தேர்தல் குற்றம் என்ன இருக்கிறது? அந்தப் பெட்டிகள் யாழ்ப்பாணத்தில்தான் தொலைந்தன, அன்றும் இங்கே நீதவான் நீதிமன்றம் இருந்தது. வென்றுவிட்டோமே என்று நாங்களும் பேசாமல் இருந்துவிட்டோம் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் மனதை அரிக்கிறது. வென்றவருக்கும் தோற்றவருக்கும் அப்பால், பெட்டி தொலைந்த சாவடியில் வாக்குப் போட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு வழக்கு இருந்தது.

வடமாகாணசபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் எதுவாக இருந்தாலும் ஒரு வேலையை உங்கள் பத்திரிகையே தொடங்கிவைக்கலாம். வாக்களிப்புக்கு முதல் கிழமை ஒரு கால்பக்கம் ஒதுக்குங்கள். நெடுந்தீவில் நடந்தால் ஊர்காவற்றுறை, தெல்லிப்பழையில் நடந்தால் மல்லாகம், நெல்லியடியில் நடந்தால் பருத்தித்துறை, கொடிகாமத்தில் நடந்தால் சாவகச்சேரி என்று எந்த ஊருக்கு எந்த நீதிமன்றம், எந்தப் பொலிஸ் என்று பெரிய எழுத்தில் போடுங்கள். முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்கவேண்டும், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கவேண்டும், ஒரு பிரதியைத் தேர்தல் அலுவலகத்துக்கும் அனுப்பவேண்டும் என்றும் கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்தக் கால்பக்கத்தை வெட்டிச் சாவடிக்குப் போகும் ஒவ்வொரு முகவரும் சட்டைப் பைக்குள் வைத்திருக்கட்டும். கடந்த வாரம் எழுதிய அந்த வாசகர் தன்னுடைய முறைப்பாட்டின் பிரதியை இன்னும் வைத்திருந்தால் அதை ஒரு உள்ளூர்ச் சட்டத்தரணியிடம் கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள். என்ன குற்றம், நடந்து எத்தனை வருடம் என்பதைப் பார்த்து அவர் சொல்லுவார், கொழும்பு பஸ்சுக்கு ரிக்கெற் எடுக்கத் தேவையில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
வட்டுக்கோட்டை.